உடான் டிக்கெட் விலை: தூரம், நேரம், பாதி சீட்டு கணக்கு

அரசோட உடான் திட்டத்துல ஓடுற ஃப்ளைட்னா டிக்கெட் 2500 ரூபா தான்னு கேள்விப்பட்டு ஆப்ப தொறந்தா அதுக்கு மேல காட்டுது, இது என்ன ஏமாத்தானு நிறைய பேரு கேக்குறாங்க. ஏமாத்து இல்லங்க, ஆனா அந்த 2500 எதுக்குனு யாரும் சரியா சொல்றதே இல்ல.

2016 அக்டோபர்ல மத்திய அரசு கொண்டு வந்த திட்டம் இது, முதல் ஃப்ளைட் 2017 ஏப்ரல் 27 அன்னிக்கு சிம்லா - டெல்லி. ஃப்ளைட்டே வராத, இல்ல ரொம்ப கம்மியா வர்ற சின்ன ஏர்போர்ட்டுகளை இணைக்கிறது தான் நோக்கம். தொடங்கினப்போ சுமார் 500 கி.மீ., அதாவது ஒரு மணி நேரம் பறக்குற தூரத்துக்கு உச்சவரம்பு 2500 ரூபானு வச்சாங்க. தூரம் கூடினா உச்சவரம்பும் கூடும், குறைஞ்சா குறையும், அதோட அப்பப்போ திருத்தவும் செய்வாங்க. அதனால எல்லா ரூட்டுக்கும் ஒரே ரேட்டுனு நெனச்சு போகாதீங்க.

இந்த தூரம்ங்கிறது ரோடு தூரம் இல்ல, ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல வான்வழி நேர்தூரம். சேலத்துலேர்ந்து சென்னைக்கு ரோட்டுல கிட்டத்தட்ட 340 கி.மீ., வான்வழில சுமார் 265 தான். சரி, 265 கி.மீ.க்கு டிக்கெட்ல எதுக்கு ஒரு மணி நேரம்னு போடுறாங்க, இந்த மாதிரி ரூட்டுல ஓடுற ஏடிஆர்ங்கிற சின்ன ப்ரொப்பெல்லர் விமானமே மணிக்கு 500 கி.மீ. போகுமேனு கேப்பீங்க. டிக்கெட்ல போடுற நேரம் விமானம் நின்ன இடத்துலேர்ந்து நகர ஆரம்பிச்சதுலேர்ந்து அங்க போய் நிக்கிற வரைக்கும் உள்ள நேரம், ரன்வேக்கு ஊர்ந்து போறது, மேல ஏறுறது, இறங்குறதுக்கு வரிசைல காத்திருக்குறது எல்லாம் அதுல சேரும், முழு வேகத்துல பறக்குறது நடுவுல கொஞ்ச நேரம் தான். அதனால தான் குட்டி ரூட்டுல பெரிய ஜெட் விட்டாலும் பெருசா நேரம் மிச்சமாகாது.

இப்ப முக்கியமான விஷயம். உச்சவரம்பு எல்லா சீட்டுக்கும் கிடையாது. ஆரம்ப விதிப்படி விமானத்துல பாதி சீட்டு, குறைஞ்சது 9, அதிகபட்சம் 40, அவ்வளவு தான் அந்த விலைல குடுக்கணும். மீதி சீட்டு ஏர்லைன் இஷ்டம். கடைசி நேரத்துல பாத்தா அதிக விலை காட்டுறதுக்கு காரணம் பெரும்பாலும் இது தான், சலுகை சீட்டு முன்னாடியே தீந்திருக்கும். இதுக்கு வருமான சான்றிதழ், ரேஷன் கார்டு, தனி விண்ணப்பம் எதுவும் வேணாம், யார் வேணா எடுக்கலாம், தேதி முடிவானதும் சீக்கிரமா புக் பண்ணிடுங்க.

சலுகை விலையால ஏர்லைனுக்கு விழுற நஷ்டத்த அரசு ஈடுகட்டுது, பெரும்பாலான மாநிலங்கள்ல மத்திய அரசு 80, மாநிலம் 20 சதவீதம், வடகிழக்குல 90க்கு 10. இந்த திட்டத்துல ரூட்டுகளை சுற்று சுற்றா ஒதுக்குறாங்க, 2023ல வந்த 5.0 சுற்றுல ரூட் தூரத்துக்கு முன்னாடி இருந்த 600 கி.மீ. எல்லையையும் எடுத்துட்டாங்க.

ஆனா அரசு நஷ்டத்த ஈடுகட்டுற இந்த உதவி ஒரு ரூட்டுக்கு மூணு வருஷம் தான். அதுக்கப்புறம் கூட்டம் இல்லனா சர்வீஸே நின்னு போகலாம். சேலம் - சென்னை 2018 மார்ச்ல உடான்ல தொடங்கி 2021ல நின்னுது, மறுபடி சேலத்துக்கு விமானம் வந்தது 2023 அக்டோபர்ல தான். போன வருஷம் போனோமேனு நம்பி பிளான் போடாம, அந்த ரூட் இப்ப ஓடுதா, இன்னும் உடான்ல இருக்கானு பாத்துட்டு அப்புறம் லீவு போடுங்க.