ரிப்போர்ட்டில் 5.9: பொட்டாசியம் உண்மையிலேயே ஏறியதா?

சிறுநீரக நோயாளியின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் வீட்டார் தேடுவது கிரியாட்டினினை, அதாவது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவின் அளவை. டாக்டரின் கண் பொட்டாசியத்துக்கும் போகும். கிரியாட்டினின் ஏறினால் கவலை. பொட்டாசியம் மிக அதிகமாக ஏறினால் அன்றைக்கே இதயம் நின்றுவிடக்கூடும்.

உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் சுமார் 98 சதவீதம் செல்களுக்குள்ளேயே அடைபட்டிருக்கிறது. உள்ளே லிட்டருக்கு ஏறக்குறைய 140 மில்லிமோல். வெளியே ரத்தநீரில் 3.5 முதல் 5 வரைதான். இந்த ஏற்றத்தாழ்வை நம்பித்தான் இதயத் தசையின் மின்துடிப்பு நடக்கிறது. மிஞ்சியதைச் சிறுநீரில் கழிப்பது சிறுநீரகத்தின் வேலை. அது தளர்ந்தபின் பொட்டாசியம் நிறைந்த இளநீரும் கணக்கில் வரும், பொட்டாசியம் கழிவதைக் குறைக்கும் டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற பிரஷர் மாத்திரைகளும் கணக்கில் வரும். பிரஷருக்கு நல்லதென்று வாங்கும் 'சோடியம் குறைந்த' உப்பில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. பாக்கெட்டின் பின்பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

ஆய்வகக் கருவி இதை அளக்கும் விதம் அழகானது. மின்முனையை மூடியிருக்கும் மெல்லிய சவ்வில் வாலினோமைசின் என்ற மூலக்கூறு இருக்கிறது. ஒருவகை மண் பாக்டீரியா உண்டாக்கும் பொருள் அது, வளையம் போன்றது. பொட்டாசியம் அயனி அதற்குள் கச்சிதமாக உட்காரும். சோடியம் இன்னும் சிறியதுதான். ஆனால் அந்த வளையத்தில் அதற்குப் பிடிப்புக் கிடைப்பதில்லை, ஆகவே தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளை விட்டு வர மறுக்கிறது. பொட்டாசியம் மட்டும் நுழைவதால் சவ்வின் இருபுறமும் மின்னழுத்த வேறுபாடு உண்டாகிறது. அளவு 4-லிருந்து 5.5 ஆனால் மாற்றம் சுமார் 8 மில்லிவோல்ட். கருவி படிப்பது இதைத்தான்.

இவ்வளவு நுட்பமான கருவியையும் ரத்தம் எடுக்கும் அறையிலேயே ஏமாற்றிவிடலாம். கையில் ரப்பர் பட்டையை இறுகக் கட்டி, "கையை மூடி மூடித் திறங்கள்" என்று சொன்னால், வேலை செய்யும் தசையிலிருந்து பொட்டாசியம் கசியும். மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தாலோ, குழாயைப் பலமாகக் குலுக்கினாலோ சிவப்பணுக்கள் உடைந்து உள்ளிருப்பதைக் கொட்டிவிடும். ரத்தநீரைப் பிரிக்காமல் மணிக்கணக்கில் வைத்திருந்தாலும் இதே கதை. உடம்பில் 4.6, குழாயில் 5.9.

அதற்காக 'ரத்தம் எடுத்ததில்தான் கோளாறு' என்று நோயாளியே தீர்ப்பு எழுதக் கூடாது. டாக்டர் உடனே ஈசிஜி எடுக்கச் சொல்வார். அதில் ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் வரும் டி அலை கூடாரம்போல் கூர்ந்து நிற்கிறதா என்று பார்ப்பார். அலை இயல்பாக இருந்தாலும் ஆபத்து இல்லையென்று ஆகிவிடாது. ஆகவே மறுபடி ரத்தம் எடுப்பார்கள், இம்முறை கையை மூடச் சொல்லாமல்.