மினிஸ்ட்ரி: யாருக்குச் செய்யும் ஊழியம்?

“பிரதர், நீங்க என்ன மினிஸ்ட்ரி பண்றீங்க?” கிறிஸ்தவக் கூட்டங்களில் சாதாரணமாகக் காதில் விழும் கேள்வி இது. யூத் மினிஸ்ட்ரி, மியூசிக் மினிஸ்ட்ரி, ஃபுல்டைம் மினிஸ்ட்ரி என்று வகைகள் வேறு. சபைக்கு வெளியே இருக்கிறவர் கேட்டால் யாருக்கோ மந்திரி பதவி கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். அவர்மேல் தப்பில்லை, இரண்டும் ஒரே சொல்தான்.

இலத்தீனில் ‘மினிஸ்டர்’ என்றால் ஏவல் செய்பவன், பணியாள். ‘குறைவு’ என்று பொருள்படும் ‘மினுஸ்’ அதன் அடி. எதிர்ப்பக்கத்தில் நிற்பது ‘மகிஸ்தர்’, அதாவது தலைவன், ஆசான். மாஸ்டர், மாஜிஸ்திரேட் எல்லாம் அந்த வழியில் வந்தவை. அரசனுக்குப் பணி செய்பவர் என்ற பொருளில் அமைச்சரும் மினிஸ்டர் ஆனார். அப்புறம் சைரன் வைத்த கார் வந்தது, பணியாள் என்ற பொருள் காணாமல் போனது.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இந்த இடத்தில் நிற்கும் சொல் ‘தியாகோனியா’. பந்தியில் பரிமாறுவதற்கும் அதே சொல்தான். அப்போஸ்தலர் நடபடிகள் நூலின் 6ஆம் அதிகாரத்தில் இது அழகாகத் தெரியும். விதவைகளுக்கு அன்றாடம் உணவு பங்கிடுவதில் தகராறு வருகிறது. ‘பந்திவிசாரணை’க்கு ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு, இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்கள் தேவவசனத்தைப் போதிக்கிற ‘ஊழியத்தில்’ தரித்திருப்போம் என்கிறார்கள். தமிழில் இரண்டு சொல், கிரேக்கத்தில் ஒரே வேர். சாப்பாடு பரிமாறுவதும் பிரசங்கிப்பதும் ஒரே மாதிரியான வேலை என்பது மூலத்தைப் படித்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கியிருக்கும்.

சரி, தமிழில் இதற்கு என்ன? பணி, தொண்டு, சேவை, ஊழியம் எல்லாம் உண்டு. கத்தோலிக்கர் பெரும்பாலும் பணி என்பார்கள். அருள்பணியாளர், மறைப்பணி போன்ற சொற்கள் அங்கே நன்றாக வேரூன்றிவிட்டன. தொண்டு நல்ல பழைய பக்திச் சொல்தான், ஆனால் இன்றைக்குத் தொண்டர் என்றால் கட்சிக்கொடிதான் நினைவுக்கு வருகிறது. புராட்டஸ்டண்ட் சபைகளில் நிலைத்தது ஊழியம். என் ஓட்டும் அதற்குத்தான். காரணம், அது கொஞ்சம் உறுத்துகிற சொல்.

தென் திருவிதாங்கூரில் (இன்றைய குமரி மாவட்டப் பகுதி) அரசுக்காகக் கூலியில்லாமல் செய்தாக வேண்டிய கட்டாய வேலைக்கு ஊழியம் என்றே பெயர். ஒடுக்கப்பட்ட சாதியார்மேல்தான் அது சுமத்தப்பட்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த ஊழியத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. அன்றைக்குக் கோயிலுக்குப் போனால் அங்கே நிற்பவரும் ஊழியர், அவர் செய்வதும் ஊழியம். இந்தச் சொல்லை அலங்காரமாக எடுத்துக்கொள்ள அந்த மக்களால் முடிந்திருக்காது. ஊழியம் என்றால் அதற்கு மேலே ஒரு எசமான் உண்டு. இங்கே எசமான் யார்?

அப்போஸ்தலர் பவுல் தன் கடிதங்களில் இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்கிறார். 1 கொரிந்தியர் 4:1இல் ‘கிறிஸ்துவின் ஊழியக்காரர்’, ‘தேவனுடைய இரகசியங்களின் உக்கிராணக்காரர்’. 2 கொரிந்தியர் 4:5இல் ‘இயேசுவினிமித்தம் உங்கள் ஊழியக்காரர்’. உக்கிராணம் என்பது கல்யாண வீட்டில் அரிசி பருப்பு அடுக்கி வைத்திருக்கும் அறை. உக்கிராணக்காரர் விருந்தாளிகளுக்காகத்தான் அளந்து கொடுக்கிறார். ஆனால் எதை, எவ்வளவு என்று சொல்வது வீட்டுக்காரர். சபைகள் வழுக்குகிற இடம் இதுதான். ‘உங்கள் ஊழியக்காரர்’ என்பதில் ‘உங்கள்’ மட்டும் காதில் ஏறும், ‘இயேசுவினிமித்தம்’ விட்டுப்போகும். அப்புறம் ‘சம்பளம் கொடுப்பது நாங்கள்தானே’, ‘குருவானவர் மேடையில் நின்று குத்திப் பேசுகிறார்’ என்று தொடங்கும்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஹோலி ட்ரினிட்டி ஆலயத்தில் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். 1782இல் சார்லஸ் சிமியோன் அங்கே குருவாக நியமிக்கப்பட்டபோது அவருக்கு வயது 23. சபையாருக்கு வேண்டியிருந்தது வேறொருவர், ஏற்கெனவே அங்கே உதவிக் குருவாக இருந்தவர். போதாததற்கு, சிமியோன் பாவம், மனந்திரும்புதல் என்று நேரடியாகப் பிரசங்கித்தார். அங்கே இருக்கைகள் குடும்பத்துக்கு ஒன்றாக, கதவு வைத்தவை. சபையார் தாங்கள் வராததோடு கதவுகளையும் பூட்டிவிட்டுப் போனார்கள். கேட்க வந்தவர்கள் நடைபாதையில் நின்றார்கள். சிமியோன் சொந்தக் காசில் பெஞ்சுகள் வாங்கிப் போட்டார். ஆலய நிர்வாகிகள் அவற்றைத் தூக்கி வெளியே எறிந்தார்கள். மாலை ஆராதனை தொடங்கினார், ஆலயக் கதவையே பூட்டினார்கள். பூட்டிய இருக்கைகளோடு பத்து ஆண்டுக்கும் மேல் ஓட்டியிருக்கிறார். அப்போது அவர் பிடித்துக்கொண்ட வசனம் 2 தீமோத்தேயு 2:24: “கர்த்தருடைய ஊழியக்காரன் சண்டைபண்ணுகிறவனாயிராமல், எல்லாரிடத்திலும் சாந்தமுள்ளவனும்” என்று போகும். அதிலும் கர்த்தருடைய ஊழியக்காரன்தான், சபையாருடைய ஊழியக்காரன் இல்லை. 1836இல் இறக்கும் வரை, 54 ஆண்டுகள், அதே ஆலயத்தில் இருந்தார். நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு: 1835இல் சென்னைப் பேராயத்தின் முதல் பேராயராக வந்த டேனியல் காரி, சிமியோனின் பாதிப்பில் உருவானவர்.

எல்லாருக்கும் அப்படி முடிவதில்லை. அமெரிக்காவில் நார்தாம்டன் ஊரில் 1727 முதல் ஊழியம் செய்த ஜோனத்தான் எட்வர்ட்ஸ் பேர்பெற்ற பிரசங்கியார். உண்மையான விசுவாசத்தை அறிக்கையிட்டவர்களுக்கே திருவிருந்து (சபையில் அப்பமும் திராட்சரசமும் பகிர்வது) என்று அவர் நிலையெடுத்ததும் ஊர் திரும்பிவிட்டது. அதற்கு முன் அங்கே குருவாக இருந்த அவருடைய தாத்தா வகுத்த வழக்கம் அதற்கு நேர் எதிர். எட்வர்ட்ஸ் தன் நிலையை ஞாயிறு பிரசங்கத்தில் விளக்கக்கூட சபையார் விடவில்லை. 1750 ஜூனில் பெரும்பான்மை வாக்கில் அவரை நீக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், வேறு ஆள் கிடைக்காததால் நீக்கிய பிறகும் வாராவாரம் அவரையே கூப்பிட்டுப் பிரசங்கிக்க வைத்தார்கள். எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்ற அவருடைய உறவினர் ஜோசப் ஹாலி, எட்வர்ட்ஸ் இறந்த பிறகு, 1760இல் தன் தப்பைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டு எழுதினார்.

எட்வர்ட்ஸ் பக்கமும் குறையில்லாமல் இல்லை. 1744இல் சில இளைஞர்கள் மருத்துவச்சிகளுக்கான புத்தகத்தை வைத்துப் பெண்களைக் கேலி செய்த விவகாரத்தில், குற்றம் சாட்டப்பட்டவர் யார், சாட்சி யார் என்று பிரிக்காமல் எல்லாப் பெயரையும் சபையில் வாசித்தார். ஊர்ப் பெரிய குடும்பங்கள் அதை மறக்கவேயில்லை. அவர் வீட்டில் அடிமைகளும் இருந்தார்கள். ஊழியம் என்ற சொல்லைப் பற்றி எழுதும்போது இதை மறைக்க முடியாது. சபை வெளியே தள்ளியது என்பதாலேயே ஒருவர் சொன்னதெல்லாம் சுவிசேஷம் ஆகிவிடாது. சுவிசேஷத்தைச் சொன்னதற்காகவா, நடந்துகொண்ட விதத்துக்காகவா என்று ஒவ்வொரு கதையிலும் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

சொல்லுக்கு வருவோம். மினிஸ்ட்ரிக்கு ஊழியம், மினிஸ்டருக்கு ஊழியர் அல்லது ஊழியக்காரர், ஃபுல்டைம் மினிஸ்ட்ரிக்கு முழுநேர ஊழியம். யூத் மினிஸ்ட்ரிக்கு வாலிபர் ஊழியம் முன்பிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. வேதாகமத்தில் ‘ஊழியக்காரன்’ என்று வந்தாலும், ஆளைச் சொல்லும்போது ‘ஊழியக்காரர்’ என்றே எழுதலாம். அரசு ஊழியரோடு குழம்பும் என்று பட்டால் ‘சபை ஊழியர்’ போதும். ‘தேவ ஊழியர்’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டுக்கும் இடையில் எதை எடுப்பது என்பதில் ஊருக்கு ஊர், சபைக்குச் சபை வேறுபாடு இருக்கும். நான் எழுதினால் இரண்டாவதைத்தான் எடுப்பேன், எசமான் யார் என்பது அதில்தான் இருக்கிறது.