சிறை வாசலோடு சிகிச்சை முடிந்துவிடக் கூடாது

ஹெராயின் போன்ற ஓபியாய்டு பழக்கம் இருந்த பெண்ணுக்கு, விடுதலையான முதல் இரண்டு வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. உள்ளே இருந்த மாதங்களில் உடம்பின் தாங்கும் சக்தி போய்விடுகிறது. வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு அடங்கிவிடும். 1998 முதல் 2000 வரை இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளிலிருந்து வெளிவந்தவர்களை ஆராய்ந்தார்கள். முதல் வாரத்தில் ஆண்களின் இறப்பு பொதுமக்களைவிட 29 மடங்கு, பெண்களின் இறப்பு 69 மடங்கு. இதை மன உறுதி இல்லாததன் விளைவு என்று தள்ளிவிடாதீர்கள்.

ஐ.நா. பொதுச்சபை ஏற்ற விதிகள் இந்தப் பெண்கள் பக்கம் நிற்கின்றன. கைதிகளை நடத்தும் முறை பற்றி 2015-இல் வந்த நெல்சன் மண்டேலா விதிகளில் 24-ஆவது, போதை அடிமைத்தனத்துக்கான சிகிச்சையும் இடையில் அறுபடாமல் தொடர வேண்டும் என்கிறது. பெண் கைதிகளுக்கென்றே 2010-இல் வந்தவை பாங்காக் விதிகள். முன்பு பட்ட வன்கொடுமை, கர்ப்பம், குழந்தைகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துச் சிகிச்சை தரச் சொல்கிறது அதன் 15-ஆவது விதி. விடுதலைக்குப் பிறகும் மருத்துவ, மனநல உதவி வேண்டும் என்பது 47-ஆவது. இவை நாட்டுச் சட்டம்போல நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் சிகிச்சை கேட்டுச் சிறை நிர்வாகத்துக்குக் கொடுக்கும் மனுவில் விதி எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

சரி, எதைக் கேட்பது? ஓபியாய்டு ஏக்கத்தை அடக்க, அதற்கு மாற்றாகத் தரும் மருந்துகளை: மெத்தடோன், அல்லது நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் புப்ரெனார்ஃபின். இரண்டும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. சிறைக்குள்ளேயே தொடங்கி, வெளியிலும் தொடர வேண்டும். கர்ப்பிணிக்கு இதைத் திடீரென நிறுத்தவே கூடாது. வெளியே எந்த மையம், எந்த நாள், எத்தனை மணி என்று எழுதி வாங்குங்கள். அந்த நாள் வரைக்கும் மாத்திரை கையில் இருக்கிறதா என்று வாசலிலேயே பாருங்கள். விடுமுறைக்கு முந்தைய மாலை விடுதலை என்றால் இன்னும் கவனம் வேண்டும். மையம் திறக்கும்வரை அவர் மருந்தில்லாமல் தவித்துப்போவார்.

அப்புறம் நாலாக்சோன், அதாவது ஓபியாய்டு அளவு மீறி மூச்சு அடங்கும்போது அதை மீட்கும் மருந்து. மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாக வருகிறது. குடும்பத்தாருக்கும் இது கிடைக்க வேண்டும், பயன்படுத்தவும் கற்றுத்தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-இலேயே சொல்லிவிட்டது. தட்டிக் கூப்பிட்டும் எழவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, மூச்சு குறட்டைபோல இழுக்கிறது என்றால் உடனே ஸ்ப்ரே அடித்து ஆம்புலன்ஸை அழையுங்கள். எழுந்து உட்கார்ந்தாலும் தனியே விடாதீர்கள். அந்த மருந்தின் வேகம் சில நேரம் அரை மணியிலேயே தீர்ந்து, மூச்சு மறுபடி அடங்கலாம்.