மூன்று லூடோ பகடையும் எட்டு முதலையும்

வீட்டிலேயே எழுதிய ஒரு விதி நல்ல விதியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மேசையைச் சுற்றி உட்கார்ந்து கற்பனைக் கதை ஆடுகிறவர்களில், சொந்தமாக உலகம் கட்டத் தொடங்கிய எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும். "ஆடிப் பார்த்தால் தெரியும்" என்று சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. சில பிழைகளை ஒரு வருடம் ஆடினாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒரு பேனையும் ஐந்து நிமிடமும் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த ஆட்டம் புதிதாக இருப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் கதையை நடத்துவார். மற்ற மூன்று நான்கு பேர் ஆளுக்கொரு பாத்திரமாக ஆடுவார்கள். பாத்திரம் என்ன செய்ய முயல்கிறது என்பதை ஆடுபவர் சொல்வார், அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். 1974 இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' வெளிவந்த பிறகு உலகம் முழுக்கப் பரவிய ஆட்ட வகை இது. அச்சிட்ட கதையை விட்டுவிட்டு நாமே உலகத்தையும் அரக்கர்களையும் விதிகளையும் எழுதிக்கொண்டால் அதை ஹோம்ப்ரூ என்கிறார்கள்.

கல்லடியில் நாங்கள் ஆடும் உலகத்தின் நடுவில் மட்டக்களப்பு வாவி இருக்கிறது. நிலவு நாளில் பாலத்தடியில் பாடுவது மீன்தானா, அல்லது தண்ணீருக்குள் அடைபட்ட வேறு யாருமா என்பதுதான் கதை. அதிலிருந்தே உதாரணங்களை எடுக்கிறேன்.

முதலில் பகடை. இந்த வகை ஆட்டங்கள் பலவற்றுக்கு இருபது முகப் பகடை வேண்டும். நம் பக்கத்துக் கடைகளில் அது எளிதில் கிடைக்காது, லூடோப் பெட்டியில் வரும் ஆறு முகப் பகடைதான் கிடைக்கும். அதனால் பலருக்கும் தோன்றும் யோசனை, இருபது முகப் பகடை ஒன்றுக்குப் பதிலாக ஆறு முகப் பகடை மூன்றை உருட்டுவது. சராசரியைப் பார்த்தால் இரண்டுக்கும் 10.5 தான், ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் ஆட்டம் தலைகீழாக மாறிவிடும்.

இருபது முகத்தில் ஒவ்வொரு எண்ணும் விழ 5 சதவீத வாய்ப்பு. 1 விழுவதும் 11 விழுவதும் 20 விழுவதும் ஒன்றுதான். மூன்று பகடையில் மொத்தம் 216 சேர்க்கைகள். அவற்றில் 10 வரும் வழிகள் 27, 18 வரும் வழி ஒன்றே ஒன்று. ஆகவே உருட்டல்கள் நடுவில் குவியும், ஓரங்கள் வெறுமையாகக் கிடக்கும். 'உச்ச எண் விழுந்தால் இரட்டைச் சேதம்' என்ற விதி இருபது முகத்தில் சராசரியாக 20 உருட்டலுக்கு ஒரு முறை நடக்கும். மூன்று பகடையில் 216 உருட்டலுக்கு ஒரு முறை, அதாவது பல மாலைகள் ஆடினாலும் ஒருவேளை பார்க்கவே மாட்டீர்கள்.

இதைவிட நுட்பமான மாற்றம் ஒன்று உண்டு. வேண்டிய எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் முயற்சி பலிக்கும் என்று வைப்போம். 'மந்திரத் துடுப்பு வைத்திருந்தால் +1', அதாவது விழுந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டலாம் என்று ஒரு விதி எழுதுகிறோம். இருபது முகத்தில் அந்த +1 எப்போதும் 5 சதவீதப் புள்ளிதான். மூன்று பகடையிலோ, 11 வேண்டிய இடத்தில் அது 50 சதவீத வாய்ப்பை 62.5 ஆக உயர்த்துகிறது. 16 வேண்டிய இடத்தில் 4.6 சதவீதத்தை 9.3 ஆக்குகிறது, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆகவே மூன்று பகடைக்கு மாறினால் புத்தகத்தில் உள்ள +1, +2 எல்லாவற்றையும் மறுபடி எடைபோட வேண்டும். எனக்கு மூன்று பகடைதான் பிடிக்கும். திறமையுள்ள பாத்திரம் திறமையுள்ளதாகவே தெரிவது அதில்தான்.

சரி, அடுத்தது உருட்டல்களை எப்படிக் கோக்கிறோம் என்பது. ஹோம்ப்ரூ விதிகள் அதிகம் உடைவது இங்கேதான் என்பது என் எண்ணம். நான்கு பேர் இரவில் தோணியில் சத்தமில்லாமல் வாவியைக் கடக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் 65 சதவீத வாய்ப்பு. காகிதத்தில் பார்க்கும்போது தாராளமாகத்தான் தெரிகிறது. ஆனால் நால்வரும் தப்பாமல் வெல்ல வேண்டும் என்றால் 0.65 ஐ நான்கு தடவை பெருக்க வேண்டும், கிடைப்பது ஏறத்தாழ 18 சதவீதம். அக்கரை சேர இன்னொரு முறையும் உருட்டு என்றால் 3 சதவீதம். அந்தத் திட்டம் தொடங்கும்போதே தோற்றுவிட்டது, ஆனால் ஆடுபவர்கள் தங்கள் கெட்ட நேரம் என்றுதான் நினைப்பார்கள்.

இதே உருட்டலை வேறு விதமாகக் கோத்துப் பாருங்கள். துடுப்பைத் தண்ணீரில் இறக்கி அதன் மறுநுனியைக் காதில் வைத்துப் பாடும் மீனைக் கேட்பது இந்த ஊர் வழக்கம். அதை நாங்கள் விதியாக்கியிருக்கிறோம். நால்வரில் ஒருவருக்குக் கேட்டால் போதும் என்றால், அதே 65 சதவீதம் இப்போது 98.5 சதவீதமாகிறது. பகடையும் எண்ணும் ஆட்களும் மாறவில்லை. 'எல்லோரும்' என்ற சொல்லும் 'யாராவது' என்ற சொல்லும்தான் மாறின. நடுவழி வேண்டுமானால் 'குறைந்தது பாதிப்பேர்' என்று வைக்கலாம், அது 87 சதவீதம். கதையே தங்கியிருக்கும் துப்பை 'எல்லோரும்' விதிக்குப் பின்னால் ஒருபோதும் மறைக்காதீர்கள்.

இனி முதலைகள். ஒரு முதலைக்கு 10 உயிர்ப்புள்ளி (சேதம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியைக் குறைக்கும், எல்லாம் தீர்ந்தால் சாவு), ஒரு சுற்றில் அது சராசரியாக 3 சேதம் செய்யும் என்று வையுங்கள். நான்கு வீரர்கள் சேர்ந்து ஒரு சுற்றுக்கு ஒரு முதலையைக் கொல்வார்கள், முதலைகள் முதலில் கடிக்கும். ஒரு முதலை என்றால் மொத்தச் சேதம் 3. இரண்டு என்றால் முதல் சுற்றில் இரண்டு கடி, அடுத்ததில் ஒன்று, ஆக 9. நான்கு என்றால் 4, 3, 2, 1 என்று பத்துக் கடி, 30 சேதம். எட்டு என்றால் 36 கடி, 108 சேதம். வீரர் ஒவ்வொருவருக்கும் 20 உயிர்ப்புள்ளி இருந்தால் குழுவின் மொத்தம் 80. நான்கு முதலையை மூச்சு வாங்காமல் வென்ற அதே குழுவை எட்டு முதலை துடைத்து எடுத்துவிடும். எதிரியை இரண்டு மடங்காக்கினால் ஆபத்து ஏறத்தாழ நான்கு மடங்காகிறது.

ஃபிரெடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் முதலாம் உலகப் போர்க் காலத்தில் விமானப் போரைப் பற்றி எழுதியபோது கண்ட உறவு இது. எல்லோரும் எல்லோரையும் தாக்கக்கூடிய சண்டையில் ஒரு படையின் பலம் அதன் எண்ணிக்கையின் வர்க்கத்தோடு ஏறும் என்றார். நம் மேசையில் இன்னொன்றும் சேரும். வீரர் ஒருவர் விழுந்ததும் முதலையைக் கொல்லும் வேகம் குறையும், அதனால் அடுத்தவர் இன்னும் சீக்கிரம் விழுவார்.

ஒரே ஒரு பெரிய முதலையை வைத்தால் பிரச்சினை தீருமா? 40 உயிர்ப்புள்ளி, சுற்றுக்கு 12 சேதம், அதாவது நான்கு சிறு முதலைகளின் கூட்டுத்தொகை. நான்கு சுற்றுகளில் அது செய்யும் சேதம் 48. சிறு முதலைகளின் 30 ஐவிட அதிகம், ஏனென்றால் பெரியது சாகும் வரை பலம் குறையாமல் கடிக்கிறது. ஆனால் ஒரே ஒரு தூக்க மந்திரம் பலித்தால் அந்தச் சண்டையே முடிந்துவிடும். சிறியவற்றில் ஒன்றைத் தூங்க வைத்தாலோ மூன்று மிச்சம். ஆகவே ஒற்றை அரக்கன் என்றால் ஒன்று பேரழிவு, இல்லாவிட்டால் சப்பென்று போகும். எனக்குப் பிடித்த அமைப்பு ஒரு பெரியதும் இரண்டு சிறியதும்.

இவ்வளவையும் ஆடியே கண்டுபிடிக்கக் கூடாதா? ஒரு மாலையில் ஒரு வகை உருட்டல் 40 நடக்கிறது என்று வைப்போம். வெற்றி வாய்ப்பு 65 சதவீதம் என்றால் எதிர்பார்ப்பது 26 வெற்றி, 55 சதவீதம் என்றால் 22. ஆனால் 40 உருட்டலில் வழக்கமான ஏற்ற இறக்கமே ஏறத்தாழ 3. 24 வெற்றி வந்தால் விதி எந்தப் பக்கம் என்று சொல்லவே முடியாது. உண்மையான வாய்ப்பை 3 சதவீதப் புள்ளிக்குள் நம்பிக்கையோடு அறிய ஏறத்தாழ 1,000 உருட்டல் வேண்டும். எக்செல்லில் அதை ஒரு நொடியில் உருட்டிவிடலாம். நண்பர்களின் சனிக்கிழமை இரவை அதற்குச் செலவழிக்கக் கூடாது.

அப்புறம் சோதனை ஆட்டம் எதற்கு? மனிதர்களுக்காக. வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் அரங்கேற்றத்துக்கு முன் அடுக்குப் பார்த்தல் நடக்கும். முழுக் கூத்தையும் ஆடி எங்கே சறுக்குகிறது என்று பார்ப்பார்கள். நாம் செய்வதும் அதுதான். ஆனால் நமக்கு எழுதி வைத்த பாட்டு இல்லை, ஆடுபவர்கள் நடுவழியில் கதையை மாற்றுவார்கள். அதைத்தான் பார்க்க வேண்டும்.

உதாரணமாக, 50 சதவீதம் என்பது கணக்கில் நியாயமானது. ஆனால் ஒருவர் முதல் மூன்று முறையும் தவறவிட 12.5 சதவீத வாய்ப்பு உண்டு. நால்வர் மேசையில் யாராவது ஒருவருக்கு அப்படி நடக்க 41 சதவீத வாய்ப்பு. அந்த ஒருவர் அரை மணித்தியாலமாக ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பார். வாய்ப்பை 65 ஆக்கினால் அது 16 சதவீதமாகக் குறையும். இழப்பு, அதே அளவு லாபத்தைவிட மனதில் கனமாக விழும் என்று கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979 இல் விளக்கினார்கள். 'தவறினால் உன் வாள் உடையும்' என்ற விதியை எழுதும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். வாள் எத்தனை தரம் உடையும் என்பதைக் கணக்கு சொல்லும், உடைந்த பிறகு அந்தப் பொடியன் அடுத்த கிழமை வருவானா என்பதை மேசைதான் சொல்லும்.

கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அது நம் ஊரில் கொஞ்சம் கடினம். மூத்தவர் நடத்திய ஆட்டத்தைப் பற்றி இளையவரிடம் கேட்டால் "ஓம் அண்ணே, நல்லா இருந்தது" என்றுதான் வரும். மரியாதை உண்மையை மூடிவிடும். ஆகவே பிடித்ததா என்று கேட்காமல், "அந்த இடத்தில் என்ன நடக்கும் என்று நினைத்தாய்?" என்று கேளுங்கள். யார் எப்போது போனை எடுத்தார், எந்த மந்திரத்தை யாருமே தொடவில்லை, எந்த முடிவுக்கு அதிக நேரம் எடுத்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள். சோதனை நாளில் கதைக்காகப் பகடையை மறைத்துத் திருத்தவும் கூடாது, திருத்தினால் எந்த விதி உடைந்தது என்று தெரியாமல் போகும்.

எல்லாவற்றிலும் பயன் தருவது, எழுதியவர் இல்லாமல் நடக்கும் ஆட்டம். குறிப்புகளை ஏறாவூரிலோ கல்முனையிலோ உள்ள இன்னொரு குழுவிடம் கொடுத்து, அவர்களில் ஒருவரை நடத்தச் சொல்லுங்கள். உங்கள் தலைக்குள் மட்டும் இருந்த விதிகள் அப்போதுதான் வெளியே வரும். இரண்டு குழுக்கள் ஒரே பக்கத்தில் தடுமாறினால் அந்தப் பக்கத்தைத் திருப்பி எழுதுங்கள். வெவ்வேறு இடங்களில் தடுமாறினால் அவசரப்பட்டு எதையும் மாற்றாமல் மூன்றாவது குழுவிடம் கொடுங்கள்.