நான்கு செயின், ஒரே அச்சு

போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "இங்கிலாந்தில் பழைய கார்களை மலைப்பாதையில் பந்தயம் விடும் வீடியோ ஒன்று பார்த்தேன். அதில் ஒரு சின்னக் கார் ஒவ்வொரு வளைவிலும் பின்பக்கத்தை வெளியே வீசிக்கொண்டே போகிறது. ஓட்டுபவருக்கு ஓட்டத் தெரியவில்லையா, இல்லை காரில் கோளாறா? அடியில் சைக்கிளில் இருப்பது மாதிரி செயின்கள் வேறு தெரிந்தன."

அந்தச் செயின்களை வைத்துச் சொல்கிறேன், அது ஃபிரேசர் நாஷாகத்தான் இருக்க வேண்டும். ஓட்டுபவருக்கு நன்றாகவே ஓட்டத் தெரியும். பின்பக்கம் வீசுவதற்கும் அடியில் ஓடும் செயின்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. எனக்கு மிகவும் பிடித்த இயந்திரங்களில் இது ஒன்று என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்ச்சிபால்ட் ஃபிரேசர் நாஷும் அவருடைய நண்பர் காட்ஃப்ரேயும் 1910இல் ஜிஎன் என்ற பெயரில் எடை குறைந்த, விலை குறைந்த கார்களைச் செய்ய ஆரம்பித்தார்கள். பின்னர் 1920களில் ஃபிரேசர் நாஷ் தன் பெயரிலேயே தனி நிறுவனம் தொடங்கினார். அது ஆல்டிங்டன் சகோதரர்கள் கைக்கு மாறிய பிறகும், இரண்டாம் உலகப் போர் வரைக்கும் செயின் கார்கள் வந்துகொண்டிருந்தன. எல்லாம் சேர்த்தே ஏறக்குறைய 350 கார்கள்தான். அவற்றை வைத்திருப்பவர்களுக்கு 'செயின் கேங்' என்று பட்டப்பெயர். காலில் சங்கிலி பூட்டி வேலைக்கு அனுப்பப்படும் கைதிகளின் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. இவர்கள் அதைப் பெருமையாகவே சூடிக்கொண்டார்கள்.

பந்தயம் விடுபவர்கள் பெரும்பாலும் சம்பளத்துக்கு ஓட்டுபவர்கள் இல்லை. 1934இல் தொடங்கிய விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் போன்ற சங்கங்களின் உறுப்பினர்கள். குளூஸ்டர்ஷயரில் உள்ள பிரெஸ்காட், 1905 முதல் போட்டி நடந்துவரும் ஷெல்ஸ்லி வால்ஷ் என்ற இரண்டு மலைப்பாதைகளும் அவர்களுக்குக் கோயில் மாதிரி. ஷெல்ஸ்லியின் நீளம் 1000 கஜம், அதாவது 914 மீட்டர். 1920களின் பிற்பாதியில் பாசில் டேவன்போர்ட் 'ஸ்பைடர்' என்ற ஜிஎன் காரை வைத்துக்கொண்டு அந்தப் பாதையின் சாதனையைத் தன் கையில் வைத்திருந்தார். அதுவும் செயின் கார்தான்.

சரி, காருக்கு அடியில் போவோம். முன்னால் எஞ்சின், அப்புறம் கிளட்ச். அங்கிருந்து ஒரு தண்டு பின்னோக்கி வந்து ஒரு பெட்டிக்குள் நுழைகிறது. பெட்டிக்குள் கூம்பு வடிவப் பல்சக்கரங்கள் சுழற்சியை 90 டிகிரி திருப்பி, காரின் குறுக்கே கிடக்கும் தண்டு ஒன்றுக்குக் கொடுக்கின்றன. இந்தக் குறுக்குத் தண்டில் வெவ்வேறு அளவில் பல்சக்கரங்கள் வரிசையாக இருக்கின்றன. ஆரம்பக் கார்களில் முன்னோக்கிச் செல்ல மூன்று, பிந்தையவற்றில் நான்கு. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு செயின் பின்னச்சுக்குப் போகிறது. ஒரு கியருக்கு ஒரு செயின், அவ்வளவுதான். ஹான்ஸ் ரெனால்ட் மான்செஸ்டரில் 1880இல் உருவாக்கிய ரோலர் செயினின் வாரிசுகள் இவை. நம் பைக்கில் ஓடுவதும் அதே குடும்பம்.

பின்னச்சில் உள்ள பல்சக்கரங்கள் அச்சோடு இறுகப் பொருத்தப்பட்டவை. அதனால் கார் நகர்ந்தாலே எல்லாச் செயின்களும் சேர்ந்தே ஓடும். ஆனால் குறுக்குத் தண்டில் உள்ளவை அதன் மேல் சும்மா சுற்றும், தண்டோடு ஒட்டாது. ஓட்டுபவர் கியர் போடும்போது டாக் கிளட்ச் என்ற துண்டு நகர்ந்து, வேண்டிய பல்சக்கரத்தை மட்டும் தண்டோடு பூட்டுகிறது. உடனே அந்தச் செயின் இழுக்க ஆரம்பிக்கும். மற்றவை சுமையில்லாமல் கூடவே ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த டாக் துண்டை என் கையில் வைத்துப் பார்த்த நாள் நினைவிருக்கிறது. காரில் இருந்தது இல்லை, ஒரு பைக்கின் கியர்பாக்ஸிலிருந்து வந்தது. நான் படித்த கல்லூரியில் வெட்டிக் காட்டிய கியர்பாக்ஸ் ஒன்று சிவப்புப் பெயின்ட் பூசிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. நான்கு வருடமும் அதைத் தொட்டுச் சுற்றிப் பார்க்க யாரையும் விடவில்லை. தெருமுனை மெக்கானிக் அண்ணன்தான் கிரீஸ் வழியும் கையோடு இரண்டு வளையங்களை எடுத்து, "இதைப் பிடி தம்பி, இதில் மாட்டு" என்றார். அகலமான சில பற்கள், நடுவே தாராளமான இடைவெளி. மெல்லத் தள்ளினாலே 'டக்'கென்று கவ்விக்கொண்டது. அந்த இடைவெளிதான் சூட்சுமம். அந்தக் காலக் கார்களில் இரண்டு பல்சக்கரங்களின் நெருக்கமான பற்களையே ஒன்றுக்குள் ஒன்று நுழைக்க வேண்டும். வேகம் பொருந்தாவிட்டால் கரகரவென்று அரைபடும். டாக் கிளட்சில் வேகம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பல் இடைவெளியில் விழுந்துவிடும். ஃபிரேசர் நாஷின் கியர் மாற்றம் வேகத்துக்குப் பேர்போனதற்குக் காரணம் இதுதான். பொறியியல் கல்லூரிகள் புதுக் கட்டடத்துக்குச் செலவழிப்பதில் ஒரு துளியை எடுத்து, மாணவர்கள் கழற்றி மாட்ட ஓடும் எஞ்சின் ஒன்று வாங்கி வைக்க வேண்டும் என்று அன்றிலிருந்து சொல்லிவருகிறேன்.

செயின் முறையில் வேறு வசதிகளும் உண்டு. செங்குத்தான பாதையா? பல்சக்கரத்தை மாற்றினால் கியர் விகிதம் மாறிவிடும். குறுக்குத் தண்டில் 20 பல் இருந்த இடத்தில் 19 போட்டால் அந்த ஒரு கியர் மட்டும் 5 சதவீதம் இறங்கும். ஒரு செயின் அறுந்தால் போவது அந்த ஒரு கியர்தான், மிச்சத்தை வைத்து வீடு போய்ச் சேரலாம். ஆனால் பராமரிப்பு அதிகம். சாலையின் மண்ணும் நீரும் நேராகச் செயின் மேல் அடிக்கும், எண்ணெய் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது அந்த வீசலுக்கு வருவோம். கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். எவ்வளவு அதிகம்? வளைவு அகலமா குறுகலா என்பது கணக்கில் வராது. சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரமும் திரும்பும் கோணமும் மட்டும்தான். இடைவெளி 1.1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு கொண்டை ஊசி வளைவில் வித்தியாசம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். மாட்டு வண்டியில் சக்கரங்கள் அச்சின் மேல் தனித்தனியே சுற்றுவதால் பிரச்சினை இல்லை. சாதாரணக் காரில் டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி இந்த வித்தியாசத்தைப் பங்கிட்டுக்கொடுக்கும். ஃபிரேசர் நாஷின் அச்சு முழுக்கச் செயின் பல்சக்கரங்கள், டிஃபரென்ஷியல் கிடையாது. இரண்டு சக்கரங்களும் ஒரே இரும்புத் தண்டில் இறுகியிருக்கின்றன. ஒரு பென்சிலின் இரு முனையிலும் பாட்டில் மூடிகளை இறுக்கமாகச் செருகி மேசையில் உருட்டிப் பாருங்கள். நேராக ஓடும். திருப்பப் பார்த்தால் ஏதாவது ஒரு மூடி தேய்ந்துகொண்டுதான் வரும்.

காரிலும் அதேதான். மெதுவாகத் திருப்பினால் உள்சக்கரம் தேவைக்கு அதிகமாகச் சுற்றி முன்னே தள்ளுகிறது, வெளிச்சக்கரம் போதாமல் பின்னே இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து காரை நேராகவே போகச் சொல்கின்றன. அதற்குத்தான் ஓட்டுபவர் ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறார். இரண்டு டயர்களும் சாலை வேகத்தைத் தாண்டிச் சுழன்று வழுக்க ஆரம்பித்ததும் நிலைமை தலைகீழாகிறது. இப்போது பின்னே இழுக்கும் சக்கரம் எதுவும் இல்லை, இரண்டுமே முன்னே தள்ளுகின்றன. திருப்பத்தில் எடை வெளிப்பக்கம் சாய்வதால் வெளி டயர் சாலையை அழுத்திப் பிடித்து அதிகமாகத் தள்ளுகிறது. வெளிப்பக்கத் தள்ளல் கூடினால் காரின் மூக்கு உள்ளே திரும்பும். கொஞ்ச நேரத்துக்கு முன் வளைய மறுத்த அதே அச்சு இப்போது வளைய உதவுகிறது. வழுக்கும் டயருக்குப் பக்கவாட்டுப் பிடிமானமும் குறைவதால் பின்பக்கம் வெளியே போகிறது. வாசகர் பார்த்த வீசல் இதுதான். சேற்றுப் பாதையிலும் இந்த அச்சு கைகொடுக்கும். சாதாரண டிஃபரென்ஷியல் இருந்தால் பிடிமானம் இல்லாத சக்கரம் வெறுமனே சுற்ற, மற்றது கிட்டத்தட்டச் சும்மா நிற்கும். இங்கே இரண்டும் சேர்ந்துதான் சுற்றியாக வேண்டும்.

அடுத்த முறை அந்த வீடியோவைப் பார்த்தால் பின்பக்கத்தை விட்டுவிட்டு முன்சக்கரங்களைக் கவனியுங்கள். வால் வெளியே போகும் கணத்தில் அவை வளைவுக்கு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். ஓட்டுபவரின் கைகளோ அதிகம் அசையாது. இந்தக் காரின் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்ப ஒரு முழுச் சுற்றுகூடத் தேவையில்லை. மணிக்கட்டை லேசாகத் திருப்பினாலே போதும்.