கேத வீட்டில் போய்க் காரணம் கேட்காதீர்கள்

போன வாரம் ஒரு பெண்மணியை அவருடைய தம்பி என்னிடம் அழைத்து வந்தார். கணவர் தற்கொலை செய்துகொண்டு சில மாதங்கள் ஆகின்றன (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்). தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, ஏலத்தோட்ட வேலைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். வேலையை ஏம்மா விட்டீங்க என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் என்னை இதை எழுத வைக்கிறது. விடிகாலையில் ஜீப் ஏறினால் மலையேறித் தோட்டம் போய்ச் சேரும்வரை கூட வரும் பெண்கள் அதையேதான் கேட்கிறார்களாம், "அன்னிக்கு ராத்திரி என்னத்தா நடந்துச்சு, எதுவும் சண்டையா?" என்று. கேதம் கேட்க வந்தவர்கள் முதல் நாள் ஆரம்பித்த கேள்வி, பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் நிற்கவில்லை. அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி, தான்தான் கணவரைக் கொன்றுவிட்டோம் என்று அவரே நம்ப ஆரம்பித்து, தானும் போய்விட்டால் என்ன என்கிற இடத்துக்கு வந்துவிட்டார். தம்பி பயந்துபோய்க் கூட்டிக்கொண்டு வந்தது அதனால்தான்.

கம்பம் பள்ளத்தாக்கில் மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன். மலைக்கு மேலே கேரளத்தில் இருக்கும் குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் என்னிடம் வருகின்றன. இதே கதையை வேறு வேறு வாயிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. தற்கொலை நடந்த வீட்டில் மிச்சம் இருப்பவர்களுக்கும் அதே ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். இது எங்கள் துறையில் நெடுநாளாகத் தெரிந்த விஷயம். அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு ஊரே காரணம் தேடுகிறது.

சரி, இந்தக் காரணத்தைப் பற்றியே பேசிவிடுவோம். ஒரு ஆளின் சாவுக்கு ஒரே ஒரு காரணம் இருக்கும், அதை வீட்டில் இருப்பவர்கள் மறைக்கிறார்கள் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். பெண்டாட்டி ஏதோ சொல்லிவிட்டாள், மாமியார் கொடுமை, அம்மா போனைப் பிடுங்கினாள், பிளஸ் டூவில் மார்க் குறைந்தது, வட்டிக்காரன் வாசலில் நின்றான். கடைசியாக நடந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதுதான் காரணம் என்று முடித்துவிடுகிறோம். முந்தின நாள் சண்டை நடக்காத வீடு நம் தெருவில் எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள். மார்க் குறைந்த பிள்ளைகள் ஒவ்வொரு மே மாதமும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், பெரும்பாலோர் அழுதுவிட்டுத் தூங்கி எழுந்து அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். இறந்துபோன அந்த ஒருவருக்குள் எத்தனையோ மாதங்களாக, சில சமயம் வருடங்களாக, பல விஷயங்கள் சேர்ந்திருக்கும். யாரும் கவனிக்காத மனச்சோர்வு, குடி, தீராத வலி, கடன், முன்பு ஒரு முறை முயன்று பிழைத்தது, யாரிடமும் சொல்ல முடியாத அவமானம். இவற்றோடு, எண்ணம் உச்சத்தில் இருந்த அந்தச் சில நிமிடங்களில் ஆபத்தான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததும் சேர்ந்துகொள்ளும். இதில் எது எவ்வளவு என்று பல வருடம் படித்த மனநல மருத்துவரே பிரித்துச் சொல்லத் தயங்குவார். கேதம் கேட்க வந்த சித்தப்பா காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையில் 'குடும்பப் பிரச்சினை' என்ற தலைப்பின் கீழ் 31.7 சதவீதத் தற்கொலைகள் வருகின்றன, அதுதான் முதலிடம். இதைக் காட்டி, பாருங்கள் வீட்டில்தானே பிரச்சினை என்று என்னிடமே வாதாடுகிறார்கள். அந்தக் கணக்கு காவல் நிலைய விசாரணையிலிருந்து வருகிறது. ஒரு சாவுக்கு ஒரு காரணம் என்றுதான் அது பதிவாகிறது. பிணம் இன்னும் பிணவறையில் இருக்கும்போது, பேச்சே வராத குடும்பத்திடமும் அக்கம்பக்கத்திலும் கேட்டு எழுதுவதுதான் அங்கே போய்ச் சேர்கிறது. அதை வைத்து ஒரு மனைவியையோ தாயையோ குற்றவாளி ஆக்காதீர்கள். அதே அறிக்கையில் நாம் உண்மையில் பார்க்க வேண்டிய எண் வேறு: ஒரு லட்சம் பேருக்குத் தமிழ்நாட்டில் 25.9 தற்கொலைகள், கேரளத்தில் 28.5, நாட்டின் சராசரியோ 12.4. மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு மடங்குக்கு மேல். இத்தனை வீடுகளிலும் கெட்ட மனைவிகளும் கெட்ட அம்மாக்களும்தான் இருக்கிறார்கள் என்றா நம்பச் சொல்கிறீர்கள்?

அப்படியானால் கேதத்துக்குப் போய் என்னதான் செய்வது? பக்கத்தில் உட்காருங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், அவர் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா பார்த்ததைச் சொல்லுங்கள், அவர் எப்படி வாழ்ந்தார் என்பதைச் சொல்லுங்கள். எப்படிச் செத்தார் என்பது உங்களுக்குத் தேவையில்லை. "நீ கொஞ்சம் முன்னாடியே பாத்திருக்கலாம்ல" என்ற வார்த்தையை வாயில் வரும்போதே விழுங்கிவிடுங்கள். பாத்திரம் கழுவுங்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுங்கள். முக்கியமாக, கூட்டம் கலைந்த பிறகு, மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், வருஷத் திதி நெருங்கும்போது போங்கள். என்னிடம் வருபவர்கள் உடைந்துபோவது அப்போதுதான்.

எல்லைப் பக்கத்துக்கே உரிய ஒரு உதவியும் இருக்கிறது. மலைக்கு மேலே கேரளத்தில் சாவு நடந்தால் விசாரணை, பிரேதப் பரிசோதனை எல்லாம் அங்கேதான், எஃப்.ஐ.ஆர். மலையாளத்தில் இருக்கும், இறப்பைப் பதிவு செய்வதும் சாவு நடந்த ஊரின் பஞ்சாயத்தில்தான், 21 நாளுக்குள். தமிழ் மட்டும் தெரிந்த ஒரு பெண், கையில் படிக்க முடியாத காகிதத்தை வைத்துக்கொண்டு, அதில் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறதோ என்று இரவெல்லாம் முழித்துக் கிடக்கிறார். உங்களுக்கு மலையாளம் படிக்கத் தெரிந்தால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கூடப் போங்கள், வரி வரியாகப் படித்துக் காட்டுங்கள். திருமணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை நடப்பது வழக்கமான நடைமுறை, யாரோ புகார் கொடுத்ததால்தான் என்று கதை கட்டாதீர்கள். தற்கொலை என்றால் இன்சூரன்ஸ் பணம் வராது என்று ஊரில் சொல்கிறார்களே, அதையும் நம்ப வேண்டாம். ஆயுள் காப்பீடு எடுத்து ஓராண்டு கடந்திருந்தால் பொதுவாகப் பணம் கிடைக்கும். பாலிசியைத் தூக்கிப் போடுவதற்கு முன் அலுவலகத்தில் கேளுங்கள்.

பிள்ளைகளிடம் பொய் சொல்லாதீர்கள், இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். மாரடைப்பு என்று வீட்டில் சொல்லிவைப்பார்கள், பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெஞ்சுப் பையன் உண்மையைச் சொல்லிவிடுவான், அதன் பிறகு அந்தக் குழந்தை வீட்டில் யாரையும் நம்பாது. "அப்பாவுக்கு மனசு ரொம்ப முடியாம இருந்துச்சு, அந்த வேதனையில உயிரை விட்டுட்டாரு, நீ செஞ்ச எதுவும் அதுக்குக் காரணம் இல்ல" என்று சின்னச் சின்ன வார்த்தையில் சொன்னால் போதும். கடைசி வரியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லுங்கள். பையனைப் பார்த்து "இனி நீதான்டா வீட்டுக்கு ஆம்பள" என்று பாரத்தைத் தூக்கித் தலையில் வைக்காதீர்கள்.

இன்னும் உயிரோடு இருப்பவர்களைப் பற்றி. ஒருவர் சோர்ந்து கிடக்கிறார், சாமான்களை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்கிறார், "நான் இல்லாட்டி எல்லாரும் நிம்மதியா இருப்பீங்க" என்கிறார் என்றால் நேராகவே கேளுங்கள்: "செத்துப்போகணும்னு தோணுதா?" கேட்டால் எண்ணம் வந்துவிடாது, இது ஆராய்ச்சியில் பார்த்த விஷயம். எண்ணம் ஏற்கனவே இருப்பவருக்குச் சொல்ல ஒரு ஆள் கிடைக்கிறார், அவ்வளவுதான். ஆமாம் என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், தனியாக விடாதீர்கள். முன்பு முயன்றவரைச் சும்மா மிரட்டுகிறாள் என்று ஒதுக்காதீர்கள், ஆபத்து அவருக்குத்தான் மிக அதிகம். தோட்டம், திராட்சை, வாழை வைத்திருப்பவர்கள் பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்கவே கூடாது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம் ஊருக்குப் பொதுவாக ஒரு கட்டடத்தில் பூட்டுப் பெட்டிகள் அமைத்து மருந்தை அங்கே வைக்கும் முயற்சி நடந்திருக்கிறது, நம் ஊர் விவசாயிகள் சங்கங்களும் நினைத்தால் செய்யலாம். அதுவரை பூட்டிய பெட்டி, சாவி வேறொருவர் கையில்.

யாராவது முயன்றுவிட்டால் நேரத்தை வீணாக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், இரண்டு மாநிலத்திலும் அதே எண். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனையைத் தாண்டி, செக்போஸ்ட்டையும் தாண்டி, அடுத்த மாநிலத்தில் தெரியாத கிளினிக்கைத் தேடிப் போகிறார்கள். இதில் போன உயிர்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுக்கும், அது நடைமுறை. முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்று கருதி அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுக்க வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. முயன்றவரைத் தண்டிக்கும், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை.

வாட்ஸப் குரூப்பில் இறந்தவர் எழுதிய கடிதத்தையும் படத்தையும் போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. எப்படி, எங்கே என்ற விவரமும் படமும் வேண்டாம் என்று பத்திரிகைகளுக்கே 2019-இல் பிரஸ் கவுன்சில் சொல்லிவிட்டது, உங்கள் குரூப்பில் இருக்கும் தளர்ந்த மனசு யாருடையது என்று உங்களுக்குத் தெரியாது. அழித்துவிடுங்கள்.

உதவி எண்களை இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 104, கேரளத்தில் திசா 1056. இரண்டும் மாநில எண்கள், எல்லையில் டவர் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் அவற்றை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் 14416 நாடு முழுவதற்கும் பொது, எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை, தமிழும் உண்டு, மலையாளமும் உண்டு. தற்கொலையில் ஒருவரை இழந்தவர்களும் இதே எண்ணில் பேசலாம். நேரில் வர வேண்டும் என்றால் தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தனியாக அனுப்பாமல், முதல் தடவையாவது நீங்களே பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.