நெஞ்சறைக்குள் புற்றுநோயல்லாத கட்டி: எதை எடுக்க வேண்டும், எதை விட்டுவிடலாம்

சிங்கப்பூரில் நெஞ்சறைக் கட்டியோடு அறுவை மருத்துவராகிய என்னிடம் வருபவர்களில் பலருக்கு இருமல் கிடையாது, வலி கிடையாது, மூச்சுத் திணறலும் கிடையாது. வேலை அனுமதிச் சீட்டுக்கான பரிசோதனையில் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த எக்ஸ்-ரேயிலோ, முழங்கால் அறுவைக்கு முன் எடுத்த எக்ஸ்-ரேயிலோ ஒரு நிழல் தெரிந்திருக்கும். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு உள்ளே வரும்போதே, இது புற்றுநோயாகத்தான் இருக்கும் என்ற அச்சமும், கத்தி பட்டால் கட்டி பரவிவிடும் என்று உறவினர் யாரோ சொன்ன எச்சரிக்கையும் கூடவே வந்துவிடுகின்றன.

புற்றுநோய் இல்லை என்று தெரிந்துவிட்டால் அறுவை தேவையில்லை என்று நினைப்பதும் சரியல்ல. முதுகுத் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்புக் கட்டியை முப்பது ஆண்டுகள் அப்படியே விட்டு வைக்கலாம். ஆனால் விலா எலும்புகளுக்கு உள்ளே இதயம், மூச்சுக்குழாய், உணவுக்குழாய், பெருநாளங்கள் எல்லாம் நெருக்கியடித்துக் கிடப்பதால், அங்கு மெதுவாக வளரும் சாதுவான கட்டி கூட ஒருநாள் எதையாவது அழுத்தத் தொடங்கும். ஆகவே கட்டியின் பெயரைவிட அது இருக்கும் இடத்தையே நான் முதலில் பார்க்கிறேன்.

அதற்கும் முன்பாக நான் கேட்பது பழைய படம். ஊரில் ஐந்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த எக்ஸ்-ரேயோ, சி.டி. ஸ்கேன் குறுந்தட்டோ வீட்டு அலமாரியில் கிடந்தால் அதை எப்படியாவது வரவழையுங்கள். நுரையீரலில் உள்ள திடமான சிறு கட்டி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அளவு மாறாமல் இருந்தால், அது புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. நுரையீரலில் வரும் சாதுவான கட்டிகளில் அதிகம் காணப்படுவது ஹமார்ட்டோமா. சி.டி. படத்தில் அதற்குள் கொழுப்பும் சுண்ணாம்புப் படிவும் தெளிவாகத் தெரிந்தால், பெரும்பாலும் அதைத் தொடவே வேண்டியதில்லை. பழைய காசநோய் விட்டுச் சென்ற தழும்பும் கட்டி போலத் தோன்றுவதுண்டு என்பதால், சிறுவயதில் அந்த நோய்க்கு மருந்து எடுத்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

இரு நுரையீரல்களுக்கும் நடுவிலுள்ள பகுதியில் வளரும் கட்டிகளின் கதை வேறு. பின்புறம் முதுகெலும்பை ஒட்டி வருபவை பெரும்பாலும் நரம்பு உறையில் தோன்றும் ஷ்வான்னோமா வகை. சில வேளைகளில் அவை முதுகெலும்பின் துளை வழியாகத் தண்டுவடப் பக்கம் நுழைந்து, உடுக்கை வடிவில் இருபுறமும் பருத்திருக்கும், இதை எம்.ஆர்.ஐ. எடுத்து முன்கூட்டியே அறிந்து, நரம்பியல் அறுவை மருத்துவரையும் சேர்த்துக்கொண்டுதான் கத்தியை எடுக்க வேண்டும். கட்டி நெஞ்சின் உச்சியில் இருந்தால், அறுவைக்குப் பின் அந்தப் பக்கத்து இமை சற்றுத் தாழவும், முகத்தில் வியர்வை குறையவும் கூடும் என்பதையும் முன்பே சொல்லிவிடுகிறேன். முன்புறம் வரும் டெரட்டோமா என்னும் பலவகைத் திசுக்கள் கலந்த கட்டிக்குள் முடியும், சில நேரம் பல்லும் கூட இருக்கும்; அது உடைந்து நுரையீரலுக்குள்ளோ இதய உறைக்குள்ளோ கசியலாம் என்பதால், தொந்தரவு இல்லாவிட்டாலும் எடுத்துவிடுவதே நல்லது.

நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் வரும் தைமோமாவைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மாலை நேரத்தில் இமை தானாகத் தாழ்வதும், பொருள்கள் இரண்டாகத் தெரிவதும், சாப்பிடச் சாப்பிடத் தாடை சோர்வதும் மயஸ்தீனியா என்னும் தசைச் சோர்வு நோயின் அறிகுறிகள். அந்த நோய் இந்தக் கட்டியோடு அடிக்கடி சேர்ந்தே வரும். 1936-இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஆல்ஃபிரட் பிளாலாக் இந்நோய் கண்ட இளம்பெண் ஒருவரின் தைமஸ் கட்டியை அகற்றியபோது அவர் உடல்நிலை தேறியது. இன்றைய அறுவை முறைக்கு வித்திட்டது அதுவே. இந்த அறிகுறிகளைச் சொல்லாமல் மறைத்தால் மயக்க மருந்துக்குப் பின் மூச்சுத் தசைகள் ஒத்துழைக்காமல் போகலாம். கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சில் சிறிதளவு உண்மை இருப்பதும் இங்கேதான்: உறை கிழிந்தால் தைமோமாவின் செல்கள் நுரையீரல் உறையில் சிந்தி மீண்டும் முளைக்கக்கூடும். அதனால்தான் முழுதாக எடுக்கக்கூடிய கட்டியை முன்கூட்டி ஊசியால் குத்திப் பார்ப்பதைத் தவிர்த்து, உறையோடு சேர்த்து அகற்றுகிறோம். தைமோமாவை இப்போது முற்றிலும் சாதுவான கட்டியாக யாரும் கணக்கிடுவதும் இல்லை.

அறுவை இன்று பெரும்பாலும் சிறுதுளை வழியாகவே நடக்கிறது. ஒரு நுரையீரலை மட்டும் இயங்கவிட்டு, மற்றதைச் சுருங்கச் செய்து, விலா இடுக்கில் கேமராவையும் கருவிகளையும் செலுத்தி, கட்டியைப் பைக்குள் இட்டு வெளியே எடுக்கிறோம். கட்டி பெரிதாகவோ பெருநாளங்களோடு ஒட்டியோ இருந்தால் நெஞ்சைத் திறப்பதே பாதுகாப்பு. அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். பிறகு விலாப்பக்கத்தில் ஒரு குழாயும், அதனுடன் தண்ணீர் நிரப்பிய பாட்டிலும் இருக்கும். மூச்சு விடும்போது குழாயிலுள்ள தண்ணீர் ஏறி இறங்குவது இயல்பானதே. மூன்று பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியைக் கொடுத்தால் பலரும் பலூன் ஊதுவதுபோல ஊதுகிறார்கள். உண்மையில் காற்றை உள்ளே இழுத்துத்தான் பந்துகளை மேலே எழுப்ப வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்பு, மெடிஷீல்டு லைஃப் என்னும் அடிப்படை மருத்துவக் காப்புறுதி ஆகியவை பற்றி மருத்துவமனையின் மருத்துவ சமூக ஊழியரிடம் கேட்கலாம். வேலை அனுமதிச் சீட்டில் உள்ள ஊழியர்கள், திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்சிப் பரிந்துரைக் கடிதத்தை மறைத்து வைப்பதைப் பார்க்கிறேன். முதலாளி அவர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும் என்பது 2023 ஜூலை முதல் விதி. ஊருக்குப் போய் ஓய்வெடுக்க விரும்புவோர், நுரையீரல் முழுதாக விரிந்துவிட்டதை எக்ஸ்-ரேயில் உறுதி செய்த பிறகே விமானம் ஏற வேண்டும். நெஞ்சுக்குள் தங்கிய காற்று வானில் விரிவடையும் என்பதால் பொதுவாகச் சில வாரங்கள் பொறுக்கச் சொல்கிறேன். புறப்படும்போது திசு ஆய்வு அறிக்கையின் நகலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், ஏனெனில் ஹமார்ட்டோமாவை எடுத்தவருக்குத் தொடர் ஸ்கேன் பெரும்பாலும் தேவைப்படாது, தைமோமாவை எடுத்தவரையோ பத்து ஆண்டுகள் வரை கண்காணிக்க வேண்டியிருக்கும்.